304 ஆடத் தெரிந்தவனுக்கு நிகழ்தகவு வராதா?

திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் கம்பஸ் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வீடுகளில் பரீட்சைக்கு முதல் கிழமையிலும் 304 நடக்கும். ஆடத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நாலு பேர், 32 காட்ஸ், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு பக்கம். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றும் இல்லை. ஒரு வகைக்கு 76 வருகிறது, நாலு வகைக்கும் சேர்த்தால் 304. முதலில் நாலு காட்ஸ்தான் கைக்கு வரும். அதை மட்டும் பார்த்து இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும், துரும்பை, அதாவது மற்ற வகைகளை வெட்டும் வகையை, கவிழ்த்து வைக்க வேண்டும். மிச்சம் நாலும் அதற்குப் பிறகுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் இதில் பெரிய கெட்டிக்காரன். யார் கையில் எது இருக்கும், எது இறங்கிவிட்டது, கூட்டாளி ஏன் அந்த நேரம் பார்த்துப் பத்தைப் போட்டான் என்பதெல்லாம் அவனுக்குள் தானாக ஓடும். அதே பெடியன் புள்ளிவிபரவியலில் நிகழ்தகவுக் கேள்விகளைப் பிழைவிட்டு, இப்போது றிப்பீட் எழுதக் காத்திருக்கிறான். நான் பகுதிநேரமாகப் படிப்பிக்கும் இடத்தில் அவன் என் மாணவன்.

இதைக் கேட்டால் வீட்டில் உள்ளவர்கள் "விளையாட்டிலை இருக்கிற புத்தி படிப்பிலை இல்லை" என்பார்கள். நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கேள்வியை மறுபக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றியது. அந்த அறைக்குள் அவனுக்குக் கிடைக்கிற எது விரிவுரை மண்டபத்தில் கிடைக்கவில்லை?

விளையாட்டு என்ற சொல்லே எங்களைக் குழப்பும். கிளித்தட்டும் விளையாட்டு, கிரிக்கெட்டும் விளையாட்டு, போனில் சுட்டுத்தள்ளுவதும் விளையாட்டு. ஆண்டவன் செய்தால் திருவிளையாடல், பிள்ளை செய்தால் விளையாட்டுப் புத்தி. உயர்கல்வியில் விளையாட்டு என்று சொல்லும்போதும் குறைந்தது இரண்டு வேறு விசயங்களை ஒரே பெயரால் சொல்கிறோம். ஒன்று, பாடத்துக்காகவே கட்டிய முழு ஆட்டம். அதில் ஒரு பாத்திரம் ஏற்று, முடிவு எடுத்து, விளைவைச் சந்திக்க வேண்டும். மற்றது, வழமையான பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் புள்ளி, பதக்கம், முன்னணிப் பட்டியல் போன்றவற்றை ஒட்டுவது. இரண்டாவதைத்தான் கேமிஃபிகேசன் என்கிறார்கள், தமிழில் விளையாட்டாக்கம். அந்த ஆங்கிலச் சொல்லை நிக் பெல்லிங் என்ற பிரித்தானிய நிரலாளர் 2002 அளவில் உருவாக்கினார். 2010க்குப் பிறகுதான் அது எல்லோர் வாயிலும் வந்தது. 2011இல் செபாஸ்டியன் டெட்டர்டிங்கும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 'விளையாட்டு அல்லாத இடத்தில் விளையாட்டின் வடிவமைப்புக் கூறுகளைப் பயன்படுத்துவது' என்று அதற்கு ஒரு வரையறை கொடுத்தார்கள். இன்றுவரை அதைத்தான் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள்.

விளையாட்டிலிருந்து எடுக்க இவ்வளவு இருக்க, ஏன் எல்லோரும் புள்ளியையும் பதக்கத்தையும் பட்டியலையும் மட்டும் எடுக்கிறார்கள்? அவை சுலபம், அவ்வளவுதான் காரணம். பல்கலைக்கழகங்கள் பாடங்களை இணையத்தில் வைக்கும் மூடில் தளத்தில் 2013இலிருந்தே பதக்கம் கொடுக்கும் வசதி உள்ளுக்குள் இருக்கிறது. நாலு தட்டுத் தட்டினால் பதக்கம் தயார். நல்ல ஆட்டம் ஒன்றைக் கட்டுவதற்கு மாதக்கணக்கில் மினக்கெட வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. இங்கே படிப்பு ஏற்கெனவே புள்ளி விளையாட்டுத்தான். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியில் பத்து வயதில் தொடங்குகிறது. உயர்தரம் முடிய இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை. பெறுபேறு வந்த அன்றே ரியூசன் வாசலில் படம் போட்ட பதாகை கட்டிவிடுவார்கள். இசட் புள்ளி என்பது ஒருவர் எடுத்த புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று காட்டும் அளவு. உனக்கு எவ்வளவு தெரியும் என்பதை அது சொல்லாது. மற்றவர்களுக்குள் நீ எங்கே நிற்கிறாய் என்பதை மட்டும் சொல்லும். பெரும்பாலான பாடநெறிகளில் பல்கலைக்கழக இடங்களின் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. ஆகவே பக்கத்து வாங்கில் இருப்பவன் நண்பனும்தான், எதிராளியும்தான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இந்த ஏணியில் ஏறி இறங்கிக் களைத்து வருகிற பிள்ளைக்கு முதலாம் வருடத்தில் இன்னொரு முன்னணிப் பட்டியலைக் காட்டினால் என்ன நடக்கும்?

நானும் செய்து பார்த்தவன்தான், அதனால் சொல்கிறேன். எண்பது பேர் வகுப்பு. கிழமைக்கு ஒரு சிறு வினாவிடை, முதல் பத்துப் பேரின் பெயர் திரையில். முதல் மூன்று கிழமையும் நல்ல கலகலப்பு. நாலாம் கிழமையில் அந்தப் பத்துப் பெயரும் கிட்டத்தட்ட அசையாமல் நின்றுவிட்டன. ஆறாம் கிழமையில் பின் வாங்குகள் வெறுமை. பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டும் என்ற கணக்குக்காக வந்தவர்களும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பதினோராவதாக வந்த பிள்ளை ஒருநாள் வந்து சொன்னாள்: "சேர், நான் ஒவ்வொரு கிழமையும் படிச்சிட்டுத்தான் வாறன். ஆனா பெயர் வராததாலை படிக்காத ஆள் மாதிரி இருக்கு." பட்டியலை அன்றோடு நிறுத்தினேன்.

இது என் வகுப்பின் துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை. 2015இல் மைக்கேல் ஹானஸ், ஜெசி ஃபொக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பல்கலைக்கழகப் பாடத்தை இரண்டு வகுப்புகளில் 16 கிழமை நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வகுப்பில் பதக்கமும் முன்னணிப் பட்டியலும் இருந்தன, மற்றதில் இல்லை. காலம் போகப் போக, பதக்க வகுப்பில் ஆர்வமும் திருப்தியும் மற்ற வகுப்பைவிடக் குறைந்தன. உள்ளார்ந்த ஆர்வம் குறைந்ததன் வழியாக இறுதிப் பரீட்சைப் புள்ளியும் அடிபட்டது.

இதன் வேர் இன்னும் பழையது. 1973இல் ஸ்டான்போர்ட் பாலர் பாடசாலை ஒன்றில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த பரிசோதனை உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நிறப் பேனாவால் வரைய ஏற்கெனவே விரும்பிய சிறு பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்து அதே பேனாக்களை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு வரவில்லை. ஆகப் பரிசு கெடுக்கவில்லை, பரிசைப் பேரம் ஆக்கியதுதான் கெடுத்தது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகிய இருவரும் பின்னர் இதை ஒரு பெரிய கோட்பாடாக வளர்த்தார்கள். மனிதருக்கு மூன்று வேண்டும் என்பது அவர்கள் கணக்கு: தானே தெரிவு செய்தேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, மற்றவர்களோடு சேர்ந்திருக்கிறேன் என்ற உணர்வு. 304இல் இந்த மூன்றும் இருக்கின்றன. என் முன்னணிப் பட்டியலில் பத்துப் பேருக்கு இரண்டாவது மட்டும் இருந்தது, எழுபது பேருக்கு ஒன்றுமே இல்லை.

சரி, அப்படியென்றால் விளையாட்டாக்கம் வீண் வேலையா? அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. 2020இல் சைலர், ஹோம்னர் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அறிதல், ஊக்கம், நடத்தை மூன்றிலும் நன்மைப் பக்கம்தான் தராசு சாய்ந்தது, பெரிதாக இல்லாவிட்டாலும். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த தகவல் வேறொன்று. தனித்தனியாகப் போட்டி போடுவதைவிட, கூட்டாகச் சேர்ந்து இன்னொரு கூட்டோடு போட்டி போடும்போது செயல்திறன் சார்ந்த கற்றல் நன்றாக வந்திருக்கிறது. எதிரே கூட்டாளி, பக்கத்தில் எதிராளி. எங்கள் காட்ஸ் மேசையின் அமைப்பு அப்படியே.

இப்போது கஹூட்டுக்கு வருவோம். இங்கே பலருக்கு விளையாட்டு வழிக் கற்றல் என்றால் அதுதான். நோர்வே நாட்டின் ட்ரொண்ட்ஹைம் பல்கலைக்கழகத்தில் 2006இல் தொடங்கிய ஒரு வகுப்பறை வினாவிடைத் திட்டத்திலிருந்து வளர்ந்து 2013இல் வெளிவந்தது. திரையில் கேள்வி, போனில் நாலு நிறம், பின்னால் படபடக்கும் இசை. உதவி செய்கிறதா என்றால் செய்கிறது, ஆனால் இசையாலோ நிறத்தாலோ இல்லை. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் காட்டியதுதான் காரணம்: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் கேட்டால் நன்றாகச் சொல்வார்கள், ஒரு கிழமை கழித்துக் கேட்டால் வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னுக்கு நிற்பார்கள். மனதிலிருந்து தோண்டி எடுக்க வைப்பதுதான் கஹூட்டின் பலன். அதை ஒரு வெள்ளைத் தாளிலும் செய்யலாம்.

அதன் புள்ளிக் கணக்கில் எங்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. சரியான விடைக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. ஆனால் நேரம் போகப் போக அது குறைந்து, கடைசி நொடியில் தொட்டால் 500தான். வழமையாகக் கொடுபடுவது 20 நொடி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, மருத்துவ, பொறியியல் பீடங்களில் படிப்பு ஆங்கிலத்தில். வருகிற பிள்ளைகளில் பெரும்பகுதி பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு வருகிறது, இன்னொரு பகுதி சிங்களத்தில். பாடம் தெரிந்த பிள்ளை ஆங்கிலக் கேள்வியை இரண்டாம் தரம் வாசிப்பதற்குள் 200 புள்ளி போய்விடும். கொழும்பில் ஆங்கில மூலம் படித்த பிள்ளை முன்னுக்கு நிற்கும். திரை அதைக் கெட்டித்தனம் என்று எல்லோருக்கும் காட்டும். நேரத்தைக் கூட்டலாம், வேகப் புள்ளியை நிறுத்தலாம், குழுவாக ஆடவும் விடலாம். அதைத் தேடிப் போய்ச் செய்கிறவர்கள் குறைவு. கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துப் போடுவது ஐந்து நிமிட வேலை. நான் பார்த்த கஹூட்டுகளில் அதைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

புள்ளி, வேகம், பட்டியல் மூன்றையும் கழற்றிவிட்டால் விளையாட்டில் மிஞ்சுவது என்ன? என் அறிவுக்கு எட்டியவரை, மலிவாகத் தோற்க முடிவது. 304இல் ஒரு கை போனால் அடுத்த கை பிரிபடும். கிளித்தட்டில் அடிபட்டால் அடுத்த ஆட்டத்தில் திரும்பப் பெட்டிக்குள் இறங்கலாம். முந்தின தோல்வி பின்னால் இழுபடாது. தோற்ற உடனேயே ஏன் தோற்றோம் என்றும் தெரிந்துவிடும், கூட்டாளி வாயால் சொல்லாவிட்டாலும் முகத்தால் சொல்லுவான்.

எங்கள் பல்கலைக்கழக முறை இதற்கு நேரெதிர். அரையாண்டு முடிவில் மூன்று மணித்தியாலப் பரீட்சை, பெறுபேறு வரச் சில மாதம். அதற்குள் அடுத்த அரையாண்டு பாதி கடந்திருக்கும். விழுந்தால் றிப்பீட். றிப்பீட்டில் நீங்கள் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் பதிவேட்டில் 'சி' தரத்துக்கு மேல் ஏறாது. இப்படி ஓர் ஆட்டத்தை யாராவது கடையில் விற்றால் வாங்குவீர்களா? முதல் தடவை ஒரு கட்டத்தில் விழுந்தால், பிறகு எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்தக் கட்டத்துக்கு அரைப் புள்ளிதான் என்று. நியாயம் என்று ஒன்று இருக்கிறது, எனக்கு விளங்குகிறது: முதல் தடவையே சித்தி பெற்றவர்களுக்கு அநியாயம் நடக்கக் கூடாது. ஆனால் அந்த நியாயமும் பரீட்சையை ஓட்டப்பந்தயமாகப் பார்ப்பதிலிருந்துதான் வருகிறது.

அமெரிக்காவில் லீ ஷெல்டன் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் இண்டியானா பல்கலைக்கழகத்தில் படிப்பித்தபோது செய்த மாற்றம் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. முதல் நாள் வகுப்பில் "உங்கள் எல்லோருக்கும் இப்போது பூச்சியம்" என்று தொடங்குவார். செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் அனுபவப் புள்ளி ஏறிக்கொண்டே போகும், அது சேர்ந்து தரமாகும். கணக்கில் பார்த்தால் பழைய முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மனக் கணக்கில் இருக்கிறது. நூறிலிருந்து பிழைக்குப் பிழை வெட்டுவது ஒன்று, பூச்சியத்திலிருந்து ஏற்றுவது ஒன்று. எங்கள் இடைநிலை மதிப்பீட்டுப் புள்ளிகளை இப்படி அமைக்க எந்தச் சுற்றறிக்கையும் தடை இல்லை. பத்து ஒப்படை கொடுத்து எந்த ஆறையாவது செய் என்று விடலாம், பிழைவிட்டதைத் திருத்தித் திரும்பத் தர அனுமதிக்கலாம். தெரிவும் வந்துவிடும், மறுவாய்ப்பும் வந்துவிடும். இதற்குக் கணினிகூடத் தேவையில்லை.

பிள்ளைகள் தாங்களே இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதன் பெயர் குப்பி. பரீட்சைக்கு முன்னம், பச்சில் பாடம் விளங்கிய ஒருவன், அல்லது ஒரு சீனியர், வெறும் வகுப்பறையிலோ மரத்தடியிலோ மற்றவர்களுக்குப் படிப்பிப்பது. இலங்கைப் பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. விரிவுரையில் கேட்க வெட்கப்பட்ட கேள்வியைக் குப்பியில் கேட்பார்கள், பிழையான விடையைச் சொல்லிச் சிரிப்பு வாங்குவார்கள், திரும்பக் கேட்பார்கள். புள்ளி இல்லை, பதக்கம் இல்லை, வரவுப் பதிவும் இல்லை. ஆனால் வாங்கு நிறைந்திருக்கும்.

இனி முழு ஆட்டங்களுக்கு வருகிறேன். எனக்கு ஆசை இந்தப் பக்கம்தான்.

முகாமைத்துவம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் ஓர் ஆட்டம் உண்டு. 1960 அளவில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜே ஃபொரஸ்டர் என்ற பேராசிரியர் வழிவந்தவர்கள் உருவாக்கியது, பெயர் பியர் ஆட்டம். நாலு பாத்திரம்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகத்தர், தொழிற்சாலை. ஒவ்வொரு கிழமையும் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு ஓடர் எழுதிக் கொடுக்க வேண்டும். பொருள் வந்து சேரக் கிழமைகள் எடுக்கும். கையில் தேங்கினால் பெட்டிக்கு அரை டொலர் செலவு, கொடுக்க இல்லாமல் கடன் நின்றால் ஒரு டொலர். ஒருவரோடொருவர் கதைக்கக் கூடாது. வாடிக்கையாளர் எவ்வளவு கேட்கிறார் என்பது கடைக்காரருக்கு மட்டும் தெரியும்.

எங்கள் வகுப்பில் பியரை வைத்து ஆடினால் யாராவது ஒரு தாய் வந்து நிற்பார் என்று பயந்து, நெல்லிக் கிறஷ் பானம் என்று மாற்றினேன். சுன்னாகத்தில் கடை, யாழ்ப்பாணம் நகரில் மொத்த வியாபாரம், வவுனியாவில் விநியோகம் என்று ஊரையும் போட்டேன். தேவையானது தாளும் புளியங்கொட்டையும்தான். ஒரு கொட்டை ஒரு பெட்டி.

எங்கே ஆடினாலும் கதை ஒன்றுதான், எங்கள் வகுப்பிலும் அதுவே நடந்தது. முதலில் அமைதி. பிறகு கடைக்காரருக்குச் சாமான் தட்டுப்படும், கொஞ்சம் கூட்டி ஓடர் போடுவார். மேலே இருப்பவர் அதைப் பார்த்துப் பயந்து இன்னும் கூட்டுவார். தொழிற்சாலைக்குப் போகும்போது அது மலையாகிவிடும். சில கிழமை கழித்து எல்லாம் ஒரேயடியாக வந்து குவியும். அப்போது ஒருவரும் ஓடர் போட மாட்டார்கள். மேசை நிறையப் புளியங்கொட்டை, எல்லோருக்கும் கோபம், ஒவ்வொரு குழுவும் அடுத்த குழுவை முறைக்கும். ஆட்டம் முடிந்த பிறகு "வாடிக்கையாளர் எப்படிக் கேட்டிருப்பார், கோடு கீறிக் காட்டுங்கள்" என்றால் மேலும் கீழும் அலை அலையாகக் கீறுவார்கள். உண்மையில் வாடிக்கையாளர் முதல் நாலு கிழமை 4 பெட்டி கேட்டார், ஐந்தாம் கிழமையிலிருந்து கடைசிவரை 8. ஒரே ஒரு படி, அவ்வளவுதான். அலை முழுக்க அவர்களே உண்டாக்கியது.

இதைச் சொன்ன உடனே வகுப்பு ஒரு நிமிடம் பேசாது. பிறகு பின்னாலிருந்து ஒருவன் "சேர், 2022 பெற்றோல்" என்றான். அந்த வருடம் எரிபொருள் நிலைய வரிசைகளில் இரவிரவாக நின்றவர்கள் அவர்கள், அல்லது அவர்களுடைய அப்பாமார். தட்டுப்பாடு உண்மையிலேயே இருந்தது, நாட்டில் டொலர் இல்லை. ஆனால் அரைத் தாங்கி இருந்தவரும் வரிசையில் நின்றது, கான் கானாய் வீட்டில் வாங்கி வைத்தது, அதனால் வரிசை இன்னும் நீண்டது, பிறகு கியூஆர் முறையில் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளவு கட்டியதும் வரிசை கரைந்தது, எல்லாவற்றையும் அவர்களே கோத்தார்கள். வழங்கல் சங்கிலியில் தகவல் திரிபு என்று நான் இரண்டு மணித்தியாலம் விரிவுரை செய்திருந்தால் குறிப்பு எழுதியிருப்பார்கள். அன்று ஒருவரும் குறிப்பு எழுதவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் என்றால் அதைப் பற்றிக் கதைப்பதற்கு இன்னொரு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். அந்த இரண்டாம் பகுதியை வெட்டினால் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டைதான் ஞாபகம் இருக்கும். முதல் தடவை நேரம் போதாமல் நான் செய்த பிழை அதுதான், வகுப்பு கலையும்போது எல்லோரும் யார் வென்றது என்பதையே கதைத்துக்கொண்டு போனார்கள்.

கலைப்பீடத்துக்கு இதெல்லாம் சரிவராது என்று நினைப்பவர்கள் நியூயோர்க்கின் பார்னார்ட் கல்லூரியில் மார்க் கார்ன்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1990களில் தொடங்கிய முறையைப் பார்க்கலாம். மாணவர்கள் ஒரு வரலாற்றுத் தருணத்துக்குள் பாத்திரங்களாக இறங்குகிறார்கள். அந்தக் காலத்து எழுத்துகளை வாசித்து, தங்கள் பாத்திரத்தின் பக்கம் நின்று வாதாடி வாக்கெடுக்கிறார்கள். முடிவு வரலாற்றில் நடந்தது போலவே வர வேண்டும் என்றில்லை. ஆசிரியர் ஒரு மூலையில் இருப்பார், துண்டு எழுதிக் கொடுப்பார்.

இதற்கு யாழ்ப்பாணத்திலேயே ஒரு தருணம் காத்துக்கொண்டிருக்கிறது: 1931. பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமையைக் கொடுத்துவிட்டது. முழுச் சுயராச்சியம் இல்லாத அரசியலமைப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசுச் சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை நாலு தொகுதியிலும் வேட்பாளர் இல்லை. அந்த ஆசனங்கள் 1934வரை வெறுமையாகக் கிடந்தன. பரீட்சையில் இது "பகிஷ்கரிப்புக்கான காரணங்களை விளக்குக" என்று வரும், பிள்ளைகள் ஐந்து காரணம் எழுதுவார்கள். அதற்குப் பதில் ஒரு பிள்ளையை வாலிபர் காங்கிரஸ்காரனாகவும், ஒரு பிள்ளையை வேட்புமனுப் போட ஆயத்தமான சட்டத்தரணியாகவும், ஒரு பிள்ளையை முதன்முதலாக வாக்குக் கிடைத்த பெண்ணாகவும், ஒரு பிள்ளையை வாக்கு மறுக்கப்பட்டு வந்த சாதியில் பிறந்தவராகவும் இருத்தி, வாக்களிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கச் சொல்லிப் பாருங்கள். கடைசி இரண்டு பாத்திரமும் வாய் திறந்ததும் அந்த ஐந்து காரணமும் ஆடத் தொடங்கும். அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "சண்டை வந்தால்?" என்று கேட்டார். வரட்டுமே என்றுதான் எனக்கு.

மருத்துவத்திலும் விமானம் ஓட்டுவதிலும் இதையெல்லாம் யாரும் விளையாட்டு என்று சொல்வதில்லை, ஆனால் அங்கேதான் அது ஆழமாக வேரோடியிருக்கிறது. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கப் பழகும் அந்தப் பொம்மையை 1960இல் செய்தவர் நோர்வேயின் லார்டால், விளையாட்டுச் சாமான் செய்து விற்றவர். நோயாளியிடம் பிழைவிடக் கூடாது, அதனால் பொம்மையிடம் பிழைவிடுகிறோம். அவ்வளவு எளிமையான நியாயம் புள்ளிவிபரவியலுக்கும் சட்டத்துக்கும் வரும்போது மட்டும் ஏனோ எடுபடுவதில்லை.

தடைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்தவை. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில் திரையை நம்பிய வகுப்பெல்லாம் நின்றது. எல்லாப் பிள்ளையிடமும் போன் இருந்தாலும் எல்லாப் போனிலும் டேட்டா இருக்காது. ஆகையால் தாளில் ஆடக்கூடியதுதான் இங்கே முதல் தெரிவு என்பது என் கட்சி. இன்னொரு தடை கொஞ்சம் வேடிக்கையானது. விரிவுரையாளர்களும் புள்ளி சேர்ப்பவர்கள்தான். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க ஆய்வுக் கட்டுரைக்கு இத்தனை, படிப்பித்தலுக்கு இத்தனை, சேவைக்கு இத்தனை என்று ஒரு புள்ளித் திட்டம் இருக்கிறது. ஒரு நல்ல வகுப்பறை ஆட்டம் கட்ட மூன்று மாதம் மினக்கெட்டவருக்கு அந்தப் படிவத்தில் பெரிதாக ஏறாது, அதே மூன்று மாதத்தில் ஒரு கட்டுரை எழுதியவருக்கு ஏறும். ஏன் யாரும் ஆட்டம் கட்டுவதில்லை என்ற கேள்விக்குப் பதில் பாதி அதிலேயே இருக்கிறது.

அந்தப் பெடியனைப் போன கிழமை கன்ரீனில் கண்டேன். றிப்பீட்டுக்குப் படிக்கிறாயா என்று கேட்டால் ஓடிவிடுவான் என்று, ஒரு பிளேன்ரீயை முன்னால் வைத்துவிட்டு இப்படிக் கேட்டேன்: "உன் கையில் எட்டுக் காட்ஸ். துரும்பு ஒன்பது உன்னிடம் இல்லை. கூட்டாளியிடம் இருக்க எவ்வளவு சான்ஸ்?"

"மூண்டிலை ஒண்டு. மிச்சம் இருபத்திநாலு காட்ஸ், அவன்ரை கையிலை எட்டு." பேனா எடுக்கவில்லை, யோசிக்கவுமில்லை. பிறகு தானாகவே சேர்த்தான்: "ஆனா சேர், பக்கத்திலை இருக்கிறவன் முதலே கேட்டிருந்தால் அப்பிடி இல்லை. அவன்ரை கை நல்ல கை. அப்ப ஒன்பது அவனிட்டைத்தான் இருக்கும். கூட்டாளிக்குச் சான்ஸ் குறையும்."

புதுத் தகவல் வந்ததும் பழைய வாய்ப்பைத் திருத்துவது. பேயஸ் தேற்றம், பரீட்சையில் அவன் வெறுமையாக விட்டுவந்த நாலாம் கேள்வி. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.

"அதுதான் இதோ? அப்ப ஏன் சேர், பேப்பரிலை எப்பவும் பைக்குள்ளை சிவப்புப் பந்து, நீலப் பந்து எண்டு கேக்கிறியள்?"